நாலாவது லைன் டோக்கன்

என்னையே பாக்காதம்மா. என் மூஞ்சி எப்பவும் இப்படி இருக்காது. இன்னிக்குக் கோவத்துல வந்துகினு இருக்கேன், அவ்ளோதான். உக்காரு. பைய இப்படிக் குடு, மடியில வெச்சிக்கிறேன். நீ ஜன்னலோரமா போயிக்கோ.

ஆம்பூரா? நானும் ஆம்பூர்தான். இன்னா விசயமா போற? இன்டர்வியூவா? ஷூ கம்பெனியிலயா? எச்.ஆரா! பேஷ். போ, போயி நல்லா இரு. எந்தக் கம்பெனின்னு சொல்லாத, எனக்குத் தெரிய வேணாம். எதுவா இருந்தா இன்னா, எல்லாக் கம்பெனி கேட்டுலயும் வாட்ச்மேன் ஒரே மாதிரிதான் மொறைப்பான்.

தண்ணியா? வேணாம்மா. வெளிய கெளம்பிட்டா நான் தண்ணி குடிக்கிறதில்ல. பழக்கம். காலையில ஒரு டம்ளர் டீ, அப்புறம் வூட்டுக்குப் போயிதான். நீ குடி, நீ குடி.

எங்க ஊரப் பத்தி உனக்கு இன்னா தெரியும் சொல்லு பாப்போம். பிரியாணி! இத்தத்தான் எல்லாரும் சொல்றாங்கோ. பஸ்ஸ நிறுத்தி, துன்னுட்டு, ஏப்பம் வுட்டுகினு போயிடறாங்கோ. துன்னவன் காலுல போட்டிருக்கிற ஷூ எங்க ஊருல தெச்சதா இருக்கும், அவனுக்குத் தெரியாது. எங்கப்பா தோல் ஷாப்புல, அதான் தோல் பதம் பண்ற எடத்துல, சுண்ணாம்புக் குழியில நின்ன மனுசன். அவரு பஸ்ஸுல ஏறினா பக்கத்துல உக்காந்திருக்கிறவன் எழுந்து நின்னுக்குவான். அவ்ளோ நாத்தம். சோப்பு போட்டா போவாது, பொங்கலுக்குப் புதுத்துணி போட்டாலும் போவாது. கெணத்துல தண்ணி எறச்சா டீ கலருல வரும். பாலாறுன்னு பேரு வெச்சிருக்காங்கோ பாரு, அதுல நான் தண்ணி பாத்தது மூணோ நாலோ தடவதான். எங்க தெருவுல பொண்ணு எடுக்க ஒருத்தனும் வர மாட்டான்.

அப்புறம்தான் ஷூ கம்பெனிங்க ஒண்ணொண்ணா வந்துச்சு. வந்ததும் எல்லாமே தலைகீழா ஆயிடுச்சு. ஆம்பளைங்க கை தடிமன், மிஷின்ல நூல் கோக்க வராது, பொம்பளைங்களக் கூப்புடுன்னாங்கோ. இப்பப் பாரு, பொழுது விடியறதுக்குள்ள கம்பெனி பஸ்ஸுங்க கிராமம் கிராமமா போயி பொம்பளைங்கள அள்ளிகினு வரும். வூட்டுல ஆம்பளைங்கதான் கொயந்தைக்கு ஜடை பின்னி இஸ்கூலுக்கு அனுப்பறாங்கோ. சிரிக்காத, நெஜமாத்தான் சொல்றேன். பொண்ணு பாக்க வர்றவன் நகையப் பத்திக் கேக்கறதுக்கு முன்ன "பொண்ணு கம்பெனிக்குப் போவுதா?"ன்னு கேக்கறான்.

நான் அதே மாதிரி ஒரு கம்பெனியில ஸ்டிச்சிங்ல சேந்தவ. மிஷின்ல உக்காந்து, செக்கிங் பாத்து, கடைசியில சூப்பர்வைசர் ஆனேன். எட்டாங்கிளாஸ் படிச்சவ நான். நாலாவது லைனு மொத்தமும் என் கையில. நீலக் கோட்டு போட்டுகினு தெருவுல வந்தேன்னா, வெட்டியா உக்காந்து பீடி குடிக்கிறவன் கூட அத்த கீழ போட்டுட்டு ஒதுங்குவான். எங்க வூட்டுக்கு வழி கேட்டா "சூப்பர்வைசரம்மா வூடா?"ன்னுதான் கேப்பாங்கோ. நவநீதம்னு ஒரு பேரு இருக்கிறதே எல்லாருக்கும் மறந்து பூட்டுது. அந்தக் கோட்டத்தான் இப்பப் புடுங்கிட்டாங்கோ. யாரால? கஸ்தூரியால.

கஸ்தூரி யாருன்னு கேளு. நானும் அவளும் ஒரே நாள்ல கம்பெனியில சேந்தோம். கம்பெனி பஸ்ஸுல ஒரே சீட்டு. அவ கருவாட்டுக் கொயம்பு கொண்டாந்தா எனக்குத்தான் முதல்ல. என் பையன் பொறந்தப்ப என் மிஷின் வேலையையும் சேத்து அவதான் இழுத்துப் போட்டுகினு செஞ்சா. நல்லவதான். நல்லவன்னு நெனச்சேன். அவதான் எனக்கு இந்த வேலையப் பண்ணா. இன்னிக்கு அவ வூட்டுக்குப் போயிட்டுத்தான் வரேன். அவ பொண்ண குடியாத்தத்துல குடுத்திருக்கு, அங்கதான் இப்ப இருக்கா.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன், கேளு. உனக்கும் உதவும், எச்.ஆர். ஆவப் போறவ.

என் லைன்ல நாப்பது பொம்பளைங்க. ஒருத்தி பாத்ரூமுக்கு எழுந்தா, பின்னாடியே மூணு பேரு எழுவாளுங்க. அங்க போயி மாமியா கத, சீட்டுக் கத, எவன் எவளோட ஓடினான்ற கத. இங்க லைன்ல அப்பரு குவிஞ்சி கெடக்கும். அப்பருன்னா ஷூவோட மேல் பாகம், அத்தத்தான் நாங்க தெக்கிறது. நடுவுல ஒருத்தி இல்லன்னா அவளுக்கு அடுத்தவ கைய கட்டிகினு உக்காரணும். டார்கெட் வுயுந்துடும். டார்கெட் வுயுந்தா மேனேஜர் சாரு யாரக் கேப்பாரு? என்னத்தான். ஒருநாள் மொத்தப் பொம்பளைங்களுக்கும் முன்னாடி என்னப் பாத்து, "நவநீதம்மா, உன் லைனுக்கு ஒண்ணுக்குப் போறதுக்குத்தான் கம்பெனி சம்பளம் குடுக்குதா?"ன்னு கேட்டாரு. செத்துடலாம்போல இருந்துச்சு.

அன்னிக்குத்தான் நான் டோக்கன் செஞ்சேன். கட்டிங்ல மிஞ்சின செவப்புத் தோலு, கையகலம். ஓரத்த மடிச்சி, பேஸ்ட் போட்டு, ரெண்டு வரி தையல் ஓட்டி, மேல ஒரு ஓட்டையப் போட்டு கயிறு கட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, அவ்ளோ அழகு. ஏத்துமதிக்கே அனுப்பலாம். என் டேபிளாண்ட செவுத்துல ஆணி அடிச்சி மாட்டுனேன். பாத்ரூம் போவணும்னா எங்கிட்ட வந்து கை நீட்டணும். நான் எடுத்துக் குடுப்பேன். அவ போயிட்டு வந்து குடுத்தாத்தான் அடுத்தவ போவலாம். ஒரு லைனுக்கு ஒரே டோக்கன். அவ்ளோதான், கூட்டமும் இல்ல, கதையும் இல்ல. டார்கெட் சும்மா கிர்ருனு ஏறிச்சு.

சாரு வந்து பாத்தாரு. தோலக் கையில எடுத்துத் திருப்பிப் பாத்து, "மூளடா இந்தம்மாவுக்கு"ன்னாரு. மறுவாரமே மத்த லைனுக்கெல்லாம் என்னையே செஞ்சி குடுக்கச் சொன்னாரு. நான்தான் செஞ்சி குடுத்தேன், ஒவ்வொரு லைனுக்கும் ஒவ்வொரு கலரு.

நான் கொடும பண்ணேன்னு நெனைக்காத. கேட்டா குடுப்பேன். எவளுக்கு இல்லன்னு சொன்னேன்? வயித்துப்புள்ளக்காரிங்கள வரிசையில முன்னாடி வுடுவேன். "சீக்கிரம் வா"ன்னு மட்டும் சொல்வேன், அது வேலைக்குச் சொல்றது. பொண்ணுங்களே புரிஞ்சிகினு தண்ணிய கொறச்சிகினாங்கோ. அது அவங்கவங்க சாமர்த்தியம். நானும்தான் குடிக்கல. கஸ்தூரிக்கு கிட்னியில கல்லு வந்துச்சு, ஆபரேஷன் ஆச்சு, அத்த வெச்சி என்ன ஒருமாதிரியா பாத்தாளுங்க சில பேரு. ஏண்டி, கல்லு யாருக்கு இல்ல? எனக்கும்தான் இருக்கு. எங்க ஊரு தண்ணி அப்படி. டோக்கன் இன்னா பண்ணும்?

சரி, ஆடிட் கதைக்கு வரேன்.

எங்க ஷூவ வாங்கற பையர், எல்லாம் ஒயுங்கா நடக்குதான்னு ஆடிட் பண்ண வெளிநாட்டுல இருந்து வராங்கோன்னா எங்க கம்பெனி கல்யாண வூடு மாதிரி ஆயிடும். பாத்ரூமுல சோப்பு வெப்பாங்கோ. பூட்டிக் கெடந்த மருந்துப் பொட்டியத் தொறந்து தூசி தட்டுவாங்கோ. பேஸ்ட் போடறவங்களுக்கு மூக்குல கட்ட மாஸ்க்கு. ஒவ்வொரு தூணாண்டயும் தண்ணி கேனு. அது ஒருநாள் கூத்து, எல்லா வூட்டுலயும் விருந்தாளி வந்தா நல்ல தட்டு எடுக்கறதில்லையா, அந்த மாதிரி. மொத நாளு எங்க எல்லாரையும் நிக்க வெச்சி சாரு பாடம் எடுப்பாரு. "தண்ணி இருக்குதா?" "இருக்குது சார்." "பாத்ரூம் எப்பப் போவலாம்?" "எப்ப வேணும்னாலும் போவலாம் சார்." இஸ்கூல் புள்ளைங்க மாதிரி சத்தமா சொல்வோம்.

அன்னிக்கும் அப்படித்தான். டோக்கனக் கழட்டி என் சாப்பாட்டுப் பையில, டிபன் பாக்ஸுக்கு அடியில வெச்சிட்டேன். லைன்ல ஒவ்வொருத்திகிட்டயும் போயிச் சொன்னேன், "இன்னிக்கு டோக்கன் கெடையாது, தானா எழுந்து போவணும், எங்கிட்ட வரக் கூடாது"ன்னு. கஸ்தூரிகிட்டயும் சொன்னேன். தலைய ஆட்டினா. நல்லா ஆட்டினா, நான் என் கண்ணால பாத்தேன்.

பையர் ஒரு வெள்ளக்கார மேடம். கூட மெட்ராஸுல இருந்து தமிழ் பேசற ஒரு பொண்ணு. ஒவ்வொரு லைனா வந்தாங்கோ. போவலாம்னு சொன்ன பிறகும் ஒருத்தியும் எழுந்திருக்கல, பயம். மத்தியானம் ஆவப் போவுது, மேடம் என் டேபிளாண்ட நின்னு எங்கிட்டயே பேசிகினு இருக்காங்கோ. நல்ல சூப்பர்வைசரு, லைன் சுத்தமா இருக்குதுன்னு சொல்றாங்கோ. எனக்கு உச்சி குளுந்து பூட்டுது.

அப்பப் பாத்து எழுந்தா கஸ்தூரி. நேரா என்னாண்ட வந்தா. கை நீட்டினா!

மேடத்துக்கு முன்னாடி, சாருக்கு முன்னாடி, உள்ளங்கையத் தொறந்து நீட்டிகினு நிக்கறா. நான் கண்ண உருட்டறேன். போடி, போடின்னு பல்ல கடிக்கிறேன். போவ மாட்டேன்றா. கை அப்படியே நிக்குது. "ஒய் ஷீ"ன்னு மேடம் இன்னாவோ கேக்கறாங்கோ. அந்தப் பொண்ணு தமிழ்ல கேக்குது, "அவங்களுக்கு என்ன வேணும்?"னு. எனக்கு வேற எதுவும் தோணல. டேபிள் மேல இருந்த நூல்கண்ட எடுத்து அவ கையில வெச்சி, "நூலு மேடம், நூலு கேக்குது"ன்னேன்.

வாங்கிகினு மிஷினுக்குப் போவணுமா இல்லையா? புத்தி இருக்கிறவ போவணுமா இல்லையா? நூல்கண்டக் கையில புடிச்சிகினு நேரா பாத்ரூமுக்குள்ள போறாம்மா அவ! மேடம் பாத்துகினே நிக்கறாங்கோ. அப்புறம் செவுத்துல ஆணியப் பாத்தாங்கோ. ஆணிக்குக் கீழ சுண்ணாம்பு தேஞ்சி கையகலம் கருப்பா இருந்துச்சு. அவங்க ஒண்ணும் முட்டாளு இல்ல. என் பையத் தொறக்கச் சொன்னாங்கோ.

அப்புறம் சாரு இன்னா சொன்னாரு தெரியுமா? "கம்பெனிக்கு இது தெரியவே தெரியாது. இந்தம்மா தானா பண்ணியிருக்கு"ன்னாரு. எல்லா லைன் டோக்கனும் அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள எங்க போச்சோ தெரியல. என்னோடது ஒண்ணுதான் மேடம் கையில. கோட்ட கழட்டிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போன்னுட்டாங்கோ. சாரு மேல எனக்குக் கோவம் இல்லம்மா. அவரு இன்னா பண்ணுவாரு? ஆர்டரு போச்சுன்னா கம்பெனியே போச்சு. யாரையாவது காட்டித்தானே ஆவணும். அந்த எடத்துல நான் இருந்தேன்.

கோவம் அவ மேலதான். வேணும்னே பண்ணா. நான் சூப்பர்வைசர் ஆனதுல இருந்தே அவளுக்கு உள்ள எரிச்சல். ஒண்ணா வேலைக்குச் சேந்தவ, நான் கோட்டு போட்டுகினு நிக்கறேன், அவ எங்கிட்ட கை நீட்டணும். பாத்துகினே இருந்து, வெள்ளக்காரி முன்னாடி கவுத்துட்டா. ஊருல எல்லாருகிட்டயும் இத்தத்தான் சொன்னேன். "துரோகி"ன்னு சொன்னேன். அது அவ காதுக்குப் போச்சு போல, வேலைய வுட்டுட்டு பொண்ணு வூட்டுக்குப் போயிட்டா.

ரெண்டு மாசமா வூட்டுல கெடக்கேன். எங்க வூட்டுக்காரரு ஒரு வார்த்த கேக்கல, அதுவே எனக்கு அவமானம். என் பையனுக்குப் பேசி வெச்சிருக்கிற பொண்ணு வூட்டுல இருந்து வர்றேன்னவங்க தள்ளிப் போட்டுகினே போறாங்கோ. தெருவுல போனா அந்த பீடிக்காரன் இப்ப ஒதுங்கறதில்ல.

நேத்து சாரு போன் பண்ணாரு. "நவநீதம்மா, நாளன்னைக்கு அந்த மேடம் திரும்ப வராங்க. அந்தக் கை நீட்டின பொம்பளைய ஞாபகம் வெச்சிருக்காங்க, அவளப் பாக்கணும்ன்றாங்க. அவ வந்து, நான் நூலுதான் கேட்டேன், டோக்கன்லாம் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டா போதும். அவள இட்டுகினு வா, உன் கோட்ட நானே கையில குடுக்கறேன்"னாரு.

அதுக்குத்தான் போனேன். மானத்த வுட்டுட்டு போனேன். வழியெல்லாம் அவள இன்னா கேக்கணும்னு சொல்லிப் பாத்துகினே போனேன். மொதல்ல நாலு வார்த்த நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டு, அப்புறம்தான் விசயத்துக்கு வரணும்னு.

போனா, பொண்ணு வேலைக்குப் போயிருக்கு. இவ தனியா உக்காந்து பூண்டு உரிச்சிகினு இருக்கா. எளச்சி, பாதி ஆளா பூட்டா. என்னப் பாத்ததும், "வாடி நவநீ"ன்னா. ஒண்ணுமே நடக்காத மாதிரி! எனக்குப் பத்திகினு வந்துச்சு. நின்ன எடத்துலயே கத்தினேன். "ஏண்டி அன்னிக்கு வந்து கை நீட்டின? சொன்னேனா இல்லையா? தலைய ஆட்டினியா இல்லையா? என் வயித்துல அடிக்கணும்னுதானே பண்ண?"ன்னேன்.

அவ சண்ட போடல. "எனக்கே தெரியலடி. எழுந்தது தெரியும், கை நீட்டினது தெரியாது"ன்னா.

"நடிக்காதடி"ன்னேன்.

"சத்தியமா"ன்னா.

நம்பல. எப்படி நம்புவேன்? தன் கை தனக்குத் தெரியாம நீளுமா? சரி, காரியம்தான் முக்கியம்னு கோவத்த அடக்கிகினு உக்காந்தேன். சாரு சொன்னதச் சொன்னேன். நாளைக்கு வரணும், நூலுதான் கேட்டேன்னு சொல்லணும்னு. ஒரு நிமிசம் கூட யோசிக்கல. "சொல்றேன், அதுல இன்னா. உனக்கு வேல கெடைக்கும்னா சொல்றேன்"னுட்டா. மறுபடி பூண்டு உரிக்கறா. காபி போடட்டான்னு கேக்கறா. துரோகின்னு ஊரெல்லாம் சொன்னவளுக்குக் காபி! எனக்கு இன்னும் கோவம். பிச்ச போடறாளா எனக்கு?

பக்கத்துல பெரிய சொம்புல தண்ணி வெச்சிருந்தா. டாக்டரு குடிச்சிகினே இருக்கச் சொல்லியிருக்காராம். பேசிகினே குடிச்சா. கொஞ்ச நேரம் ஆச்சு. பூண்டுத் தட்டக் கீழ வெச்சா. எழுந்தா.

எழுந்தவ உள்ள போவல. என்னாண்ட வந்தா. கை நீட்டினா.

என்ன வெறுப்பேத்தறாளோன்னு மூஞ்சியப் பாத்தேன். கிண்டல் இல்ல, குத்தல் இல்ல, ஒண்ணும் இல்ல. பொண்ணு பேறுகாலத்தப் பத்தி ஏதோ சொல்லிகினே வந்து, சொல்லிகினே கை நீட்டிகினு நிக்கறா. அவ கை நீட்டினது அவளுக்குத் தெரியல.

நான் இன்னா பண்ணேன் தெரியுமா? நானு. எனக்கும் தெரியல. "சீக்கிரம் வா"ன்னேன்.

ஓடினாம்மா. முந்தானைய இழுத்து சொருவிகினு, சொந்தப் பொண்ணு வூட்டுக் கக்கூஸுக்கு ஓடினா. கம்பெனியில ஓடுவாளுங்களே, அந்த ஓட்டம்.

அவ வெளிய வர்றதுக்குள்ள செருப்ப மாட்டிகினு கெளம்பிட்டேன். பின்னாடி "நவநீ, நவநீ, எத்தினி மணிக்கு வரணும்?"னு கேக்குது. திரும்பல. பஸ் ஸ்டாண்டுல இருந்து சாருக்குப் போன் போட்டேன். "அவ ஒத்துக்கல சார். திமிரு புடிச்சவ, கால்ல வுயுந்தேன், அப்பவும் ஒத்துக்கல. இனிமே அவ வூட்டுப் பக்கம் ஆளு அனுப்பாதீங்க"ன்னு சொல்லி வெச்சிட்டேன். அவ்ளோதான். கோட்டு போச்சு, எல்லாம் போச்சு.

நான் தப்பு பண்ணேன்னு சொல்ல மாட்டேன். யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன். டோக்கன் இல்லாம நீ லைன் நடத்திப் பாரு, அப்பத் தெரியும். அவ மேல எனக்குக் கோவம்தான். இன்னும் கோவம்தான். நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. கம்பெனியில கேட்டா, சரி, அது சட்டம், கேக்கணும். இது அவ பொண்ணு வூடும்மா. சாரு இல்ல, லைனு இல்ல, பின்னாடி நிக்கறவ யாரும் இல்ல. எங்கிட்ட எதுக்குக் கேக்கற நீ? உன் வூட்டுல, உன் கக்கூஸுக்கு, எங்கிட்ட எதுக்குடி கேக்கற?